அக்காவின் இடுப்பெலும்பு

எங்கள் கல்லூரியில் அதை எல்லோரும் அக்கா என்றுதான் சொன்னார்கள். அக்கா என்றால் இரண்டு இடுப்பெலும்புகள், அவற்றுக்கு நடுவே பின்பக்கம் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கும் சேக்ரம் என்கிற முக்கோண எலும்பு, அதன் நுனியில் சின்ன வால் எலும்பு. அவ்வளவுதான். தலை கிடையாது, கால் கிடையாது. எலும்பும் எலும்பும் சந்திக்கிற மூன்று இடங்களில் கம்பி போட்டுக் கட்டிய ஒரு வளையம். பின்னால் இடது பக்கம் ஒரு மூட்டு, வலது பக்கம் ஒரு மூட்டு, முன்னால் ஒன்று. இதற்குப் போய் அக்கா என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. “மிஸ், அக்காவ எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே மாணவிகள் கண்ணாடி அலமாரிக்கு ஓடுவார்கள். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் நானே “அக்கா எங்கடி?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் இருந்த அந்த நர்சிங் கல்லூரியில் பிரசவப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோபக்காரி என்று எனக்குப் பெயர். வகுப்பில் தூங்குகிறவள் மீது சாக்பீஸ் வீசுவேன். அது எப்போதும் பக்கத்தில் விழித்துக்கொண்டிருப்பவள் மீதுதான் விழும்.

பாடம் நடத்துகிற முறை எளிது. இடது கையில் அக்கா, வலது கையில் பொம்மை. பொம்மைக்கு உடம்பு துணி, தலை மட்டும் கெட்டி ரப்பர். வளையத்துக்குள் தலையை மேலிருந்து இறக்குவேன். நுழையும்போது முகம் பக்கவாட்டில் இருக்கும். பாதி வந்ததும் தலை திரும்பும். வெளியே வரும்போது முகம் தாயின் முதுகுப் பக்கம் பார்த்திருக்கும். இந்தத் திருப்பம் புரிந்தால் பாதிப் பிரசவம் புரிந்த மாதிரி என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி பொம்மையைக் காலை முன்னால் விட்டு இறக்கிக் காட்டுவாள்.

அக்கா நிஜமான பெண்ணின் எலும்பு. அதில் சந்தேகமே கிடையாது. முன்மூட்டுக்குக் கீழே இருக்கிற வளைவின் அகலத்தைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அந்த முன்மூட்டின் பின்பக்கம், தடவிப் பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், மிளகை அழுத்தி எடுத்ததுபோலச் சின்னக் குழிகள் இருந்தன. பிள்ளை சுமந்தவள் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அப்போது நம்பினேன். அக்காவைப் பூட்டி வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். கழுவின பிறகும் விரலில் வாசனை கொஞ்சம் இருக்கும். பழைய வார்னிஷ் வாசனை, அதற்கடியில் வேறு ஏதோ ஒன்று.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து நான் உண்டானேன். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் இந்த முறை எனக்குச் சந்தோஷப்படவே தைரியம் வரவில்லை. நாங்கள் தொம்மலூரில் குடியிருந்தோம். கணவருக்கு ஹெப்பகோடிப் பக்கம் ஷிப்டு வேலை. நான் மாணவிகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற ஆஸ்பத்திரியில்தான் காட்டினேன்; அங்கே டாக்டரம்மா கன்னடக்காரர், வயதானவர், எங்களைப் போன்றவர்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். ஏழாவது மாசம் சோதித்துப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி, “வழி ஸ்வல்ப டைட்தாம்மா. வலி வந்ததும் விட்டுப் பார்க்கலாம். தலை இறங்கலன்னா ஆபரேஷன்” என்றார். இதே வார்த்தைகளை எத்தனையோ பெண்களிடம் அவர் சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியவள்தான் நான். எனக்கென்று சொன்னபோது காது அடைத்துக்கொண்டது. பாடமெடுக்கிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு. தலை எந்த இடத்தில் மாட்டும், மாட்டினால் முதலில் யாருக்கு மூச்சு நிற்கும் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும்.

வளைகாப்பு முடிந்து வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போனேன். வழக்கம் என்னவோ பெரிதாகச் சொல்கிறேனே தவிர, தொம்மலூரிலிருந்து அடுகோடிக்குத்தான். பெட்டியோடு ஒரு ஆட்டோ. பிரசவ லீவைப் பிள்ளை பிறந்த பிறகு முழுசாக எடுத்துக்கொள்ளலாம் என்று வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். முழங்கை வரை கண்ணாடி வளையல். அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும், பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அக்காவைத் தூக்கிப் பிடிக்கும்போது வளையல் எலும்பில் உரசும். கண்ணாடி எலும்பில் படுகிற சத்தம் ஒரு மாதிரி இருக்கும். வகுப்பு தானாக அமைதியாகிவிடும். எனக்குச் சாக்பீஸ் மிச்சம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. தெருவில் சாவு ஊர்வலம் போனால் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவாள், மேளச் சத்தம் முனை திரும்புகிற வரை திறக்கமாட்டாள்.

“தினம் காலைல ஒருத்திய கையில ஏந்திக்கினு நிக்கிறேன். இதுக்கு மட்டும் கதவ சாத்துறியே” என்றேன் ஒரு நாள்.

“அதான்டி நானும் கேக்குறேன். வயித்துப்புள்ளக்காரி தொடுற பொருளா அது?”

“அது பாடம் நடத்துற பொருள்மா.”

“உனுக்குப் பொருளு. அதுக்கு நீ யாருன்னு அதுக்கில்ல தெரியும்” என்றாள் அம்மா.

மறுநாள் என் கைப்பையில் வேப்பிலைக் கொத்தும் ஒரு துருப்பிடித்த ஆணியும் இருந்தன. சிரித்தேன். ஆனால் எடுத்துப் போடவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அடுகோடி பட்டறைகளில் எல்லாம் லேத்தைக் கழுவிப் பூ சுற்றியிருந்தார்கள். எங்கள் கல்லூரியிலும் வழக்கம்போல மாணவிகள் இறங்கி வேலை செய்தார்கள். கத்திரி, இடுக்கி, பிள்ளையை எடை பார்க்கிற தராசு என்று அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பளபளப்பாக்கினார்கள். நான் மத்தியானம் போய்ப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து வெள்ளைத் துணி மேல் அடுக்கியிருந்தார்கள். நடுவில் அக்கா. கம்பியைப் பிரித்து, எலும்புகளைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, புது வார்னிஷ் அடித்து, புதுக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதோடு விட்டார்களா, சேக்ரத்தில் மஞ்சள் பூசி, மேல் பக்கம் அகலமாக இருக்கிற இடத்தில் குங்குமம் வைத்திருந்தார்கள். முகம் இல்லாத ஒருத்திக்கு நெற்றி எது என்று அவர்களே முடிவு பண்ணியிருந்தார்கள்.

“யாருடி இது?” என்றேன்.

மண்டியாவிலிருந்து வந்து படித்த ஒரு பெண் முன்னால் வந்தாள். நல்ல பெண், அதிகம் பேசமாட்டாள். “அவங்களும் ஹெங்கசுதானே மிஸ்” என்றாள். ஹெங்கசு என்றால் பொம்பளை. “நம்ம வீட்டுக்கு வர்ற பொம்பளைய வெறும் நெத்தியோட அனுப்புவோமா?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை அது அலமாரியில் இருந்த ஒரு பொருள். பொட்டு வைத்ததும் அது என்னைப் பார்க்கிறது என்று தோன்றியது. எங்கிருந்து பார்க்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விடுமுறை முடிந்து முதல் வகுப்பு. அக்காவை எடுத்தேன், பொம்மையை எடுத்தேன். எத்தனையோ தடவை செய்ததுதான், கை தானாகப் போகும். தலை நுழைந்தது. நடுவில் நின்றுவிட்டது.

கொஞ்சம் அழுத்தினேன். நகரவில்லை. திருப்பிப் பார்த்தேன், தாடையை மடக்கிப் பார்த்தேன், கீழிருந்து இழுத்துப் பார்த்தேன். துணி உடம்பு நீண்டதே தவிர தலை வரவில்லை. முன்பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். என் வயிறு மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. மஞ்சள் முழுதாகப் போகாத அந்த எலும்புக்குள் ரப்பர் தலை மாட்டிக்கொண்டு, ஒரு கண் மட்டும் இடைவெளியில் தெரிந்தது. மேலே தள்ளி எடுக்கவே நான் பட்ட பாடு. “இன்னிக்கு இவ்வளவு போதும்” என்று வகுப்பை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அலமாரியைப் பூட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அக்கா பிள்ளை சுமந்தவள். குழி இருக்கிறது. ஆனால் இந்த வழியாகப் பிள்ளை வந்திருக்குமா? வராமல் போயிருந்தால் அவள் எப்படி இறந்திருப்பாள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் வந்து வாங்கிக்கொண்டு போகாத ஒரு பெண்தான் இந்த அலமாரிக்கு வர முடியும். இத்தனை வருஷமாக அவளுடைய இடுப்புக்குள் நான் பிள்ளையை இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சுலபமாக வெளியே எடுத்துக் காட்டினேன். இன்றைக்கு, நான் மாசமாக இருக்கும்போது, விடமாட்டேன் என்கிறாள்.

படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்றால், படித்தவள் என்பதால்தான் இவ்வளவு விவரமாக யோசித்தேன். டாக்டரம்மாவிடம் போய் முன்கூட்டியே ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றுகூடக் கேட்டேன். “எலும்ப மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. மூட்டு இளகும், பிள்ளை தலையும் ஒடுங்கும். நீயே டீச்சர், நான் சொல்லணுமா?” என்றார். கணவரிடம் சொன்னேன். அவர் வேலையை விட்டுவிடேன் என்றார். விட்டிருக்கலாம். எனக்கென்னவோ, இப்போது நின்றுவிட்டால் அவளுக்குப் பயந்து ஓடியது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று இருந்தது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் என் எலும்பு சத்தம் போட ஆரம்பித்தது. மத்தியானம் படுத்துவிட்டுப் புரண்டால் முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே, டிக் என்று ஒரு சத்தம். படியேறினால் ஒன்று. ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்தால் ஒன்று. வலியும் இருந்தது. மாசம் ஏற ஏற மூட்டுகளைக் கட்டியிருக்கிற நார்கள் இளகும், எலும்புகள் லேசாக நகரும் என்பது நானே கரும்பலகையில் எழுதுகிற பாடம்தான். தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு டிக்குக்கும் உடம்பு குளிர்ந்தது.

பொம்மை மாட்டியதற்குக் காரணம் கடைசியில் ஒரு நாள் வகுப்பில் தெரிந்தது. அக்காவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்மூட்டில் இரண்டு எலும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உயிரோடு இருக்கிற உடம்பில் அங்கே குருத்தெலும்பு இருக்கும், எலும்பும் எலும்பும் தொடாது. அந்த இடைவெளிக்காக மூன்று மூட்டிலும் சைக்கிள் டியூப் துண்டுகளை மடித்து வைத்துத்தான் கம்பி கட்டியிருந்தார்கள். அவை இல்லை, வளையம் அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“இங்க இருந்த ரப்பர் எங்கடி?” என்றேன்.

மண்டியாப் பெண் விழித்தாள். “அது கருப்பா, பிசுபிசுன்னு இருந்துச்சு மிஸ். பூஜைக்கு வைக்கிறோமே, அழுக்கோட எப்படின்னு தூக்கிப் போட்டுட்டோம்.”

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போய்விட்டாள். சாமிக்குச் சுத்தமாக வைக்கிறேன் என்று மூட்டுக்கு நடுவே இருந்ததையே எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்! அப்போதே ரோட்டோரப் பஞ்சர் கடையிலிருந்து பழைய டியூப் வாங்கிவரச் சொன்னேன். வெட்டி வைத்து, கம்பியைத் தளர்த்திக் கட்டினோம். பொம்மையை இறக்கினேன். நுழைந்தது, திரும்பியது, வந்துவிட்டது. மாணவிகள் கைதட்டினார்கள். நானும் நிம்மதியாக எட்டி அக்காவை மேஜை மேல் வைத்தேன்.

டிக்.

வகுப்பு முழுக்கக் கேட்டது. கைதட்டல் நின்றது. எல்லோரும் மேஜை மேல் இருந்த எலும்பைப் பார்த்தார்கள். “மிஸ், அக்கா சத்தம் போடுறாங்க” என்றாள் ஒருத்தி மெல்லிய குரலில். அது என்னுடைய எலும்பு. எட்டி வைக்கும்போது காலை அகட்டியதில் வந்த சத்தம். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எது அவளிடமிருந்து வந்தது, எது என்னிடமிருந்து வந்தது என்று அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதே போதுமான பயமாக இருந்தது.

ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது இன்னொன்று உறைத்தது. ரப்பரை எவ்வளவு கனத்துக்கு வெட்டுவது என்று நாங்கள் எதை வைத்து முடிவு செய்தோம்? பொம்மை போகிற அளவுக்கு வெட்டினோம். முதலில் கட்டியவர்களும் அப்படித்தான் வெட்டியிருப்பார்கள். அவளுடைய மூட்டில் உண்மையில் எவ்வளவு இடம் இருந்தது என்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியாது. பொம்மை வெளியே வந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று உருதில் கேட்டார்.

வலி வந்தது ஒரு காலையில், அம்மா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது. பெங்களூர்க் குளிர், ஸ்வெட்டரோடு போனேன். கர்ப்பப்பை வாசல் முழுதாகத் திறந்துவிட்டது என்றார்கள். அதற்கப்புறம் தலை இறங்கவில்லை. முக்கு முக்கு என்றார்கள். முக்கினேன். தலை இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த நர்சின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அந்த முகமாற்றம் எனக்குத் தெரியும், நானும் அப்படி மாறியிருக்கிறேன். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லி டாக்டரம்மா யாரிடமோ சொன்னார். துடிப்பு மெதுவாகிக்கொண்டே வந்தது. தியேட்டருக்குப் போகிற வரைக்கும் தாங்காது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. என் பிள்ளை போகப்போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வலியில் என் இடுப்பின் இரண்டு பக்கமும் யாரோ பிடித்தார்கள். விலாவுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கிற விளிம்பில், இரண்டு கையாலும். பிடித்து வெளிப்பக்கமாக விரித்தார்கள். துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் ஒரு வெடிப்பு, அது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. வலி என்று நான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் வலியே இல்லை. நான் கத்தி முடிப்பதற்குள் தலை வெளியே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அழுதாள். பெண்.

“இடுப்பைப் பிடிச்சது யாரு சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“யாரும் பிடிக்கலியே” என்றாள் நர்ஸ். அவள் என் தலைமாட்டில் நின்றிருந்தாள். டாக்டரம்மா எதிரே இருந்தார். மூன்றாவது ஆள் அறையில் கிடையாது.

முன்மூட்டின் நார்கள் அறுந்து எலும்புகள் இரண்டும் விலகிவிட்டன என்றார் டாக்டரம்மா. அபூர்வமாக நடக்கும். பின்மூட்டுகளும் சேர்ந்து இழுபடுவதால் இரண்டு பக்கமும் பிடித்து விரிக்கிற மாதிரி தோன்றும். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், இன்றைக்கும் இதைத்தான் பாடத்தில் சொல்கிறேன். ஆனால் அந்த அறையில் எல்லோரும் ஈரக் கையுறையோடு இருந்தார்கள். என்னைப் பிடித்த கைகள் காய்ந்திருந்தன.

எக்ஸ்ரேயில் என் இடுப்பைப் பார்த்தேன். முன்னால் ஒரு விரல் கனத்துக்கு இருட்டு. எழுந்து நடக்க மாசக்கணக்காகும் என்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பழைய சேலைத் துணியை அம்மா கொண்டுவந்தாள். வயிற்றில் வேண்டாம், கீழே எலும்பைச் சுற்றி இறுக்கிக் கட்டு என்றேன். அவள் அப்படியே கட்டினாள். ஒரு பக்கம் நான் பிடிக்க, ஒரு பக்கம் அவள் இழுக்க, எலும்புகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியதை நான் உணர்ந்தேன்.

புரள முடியாததால் பிள்ளையை என் மார்மேல் கிடத்தினார்கள். தலை ஒடுங்கி நீண்டிருந்தது. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன, இரண்டு நாளில் சரியாகிவிடும், தெரிந்ததுதான். தடவிக்கொண்டே போன விரல் ஒரு இடத்தில் நின்றது. காதுக்கு மேலே, பக்கவாட்டில், கட்டைவிரல் வைக்கிற அளவுக்கு உள்வாங்கிய சிவந்த பள்ளம். யாராவது இடுக்கி போட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார் டாக்டரம்மா. “உன் எலும்புதாம்மா. முதுகுப் பக்கத்து மேடு. அங்கேதான் ரொம்ப நேரம் முட்டிக்கிட்டு நின்னா.”

விரலை எடுக்க முடியவில்லை. அத்தனை மாசமும் ராப்பகலாக நான் பயந்தது அலமாரியில் இருந்தவளைப் பார்த்து. கைப்பையில் ஆணி வைத்து, வேப்பிலை வைத்து, கதவைச் சாத்தி, எல்லோருமாகச் சேர்ந்து காவல் காத்தது அவளிடமிருந்து. என் பிள்ளையை வழிமறித்து, மண்டை குழிகிற வரை அழுத்திப் பிடித்து வைத்திருந்தது நான்தான். என் மார்மேல் மகள் நிம்மதியாகத் தூங்கினாள். அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கொஞ்ச நேரம் நீயே வைத்துக்கொள் என்றேன்.